வெற்றுப் பின்பக்கங்கள்

பழைய காகிதத்தை ஈரக் கையால் தொடக் கூடாது. இருபது வருடத்தில் நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா.

குழந்தைகள் இல்லத்தின் ஆவண அறையில் நான் ஒருவன்தான். அறுபது வருடத்துக் கோப்புகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு பூஞ்சை பிடித்த அந்தத் தாள்களை இயந்திரத்தில் போட்டு அரைத்துவிட வேண்டும். மேலிடம் சரிபார்ப்பது பக்க எண்ணிக்கையை மட்டும். சில நாள் மாலையில்தான் தெரியும், காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்று.

அந்தத் தையல்காரம்மா புதன்கிழமைதோறும் வருவார். மூன்று வயதில் இல்லத்தில் விடப்பட்டவர். பெற்ற தாய் யாரென்று தெரிய வேண்டும் அவருக்கு.

"என்னண்ணா, உங்க மெஷினுக்கு இன்னும் என் கோப்பு மேல பசி வரலையா?"

"வரிசையாத்தாம்மா வரும்."

"ஆமைய அனுப்பியிருந்தா இந்நேரம் தேடி எடுத்துட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருக்கும்."

என் சட்டையில் பொத்தான் தொங்கினால் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார். பேச்சு தீர்ந்த பிறகும் சற்று நேரம் இருப்பார். அந்த அறையில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தம் கேட்கும். உங்கள் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள், சொன்னால் புரியாது.

அவர் வரத் தொடங்கிய இரண்டாவது வாரமே அவருடைய கோப்பு கையில் கிடைத்துவிட்டது. உள்ளே தாய் எழுதிய கடிதங்கள், வருடத்துக்கு ஒன்றாக முப்பத்தொன்று, முகவரியோடு. கொடுத்திருந்தால் அடுத்த புதன்கிழமை அவர் எதற்கு வரப்போகிறார்? கடிதங்களைக் கவிழ்த்துப் போட்டு ஸ்கேன் செய்தேன். முப்பத்தொரு வெற்றுப் பின்பக்கங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. தாள்களை விதிப்படி அரைத்தேன்.

அதன் பிறகும் கடிதங்கள் வந்தன. 'என் மகள் என்னைத் தேடி அங்கே வந்தாளா?' என்று அந்த அம்மா கேட்பார். பெரியவர்களுக்குப் பதில் போடாமல் இருப்பது மரியாதையில்லை. 'அப்படி யாரும் வரவில்லை' என்று நிறுத்தி நிதானமாக எழுதி அனுப்பினேன். ஆறு வருடம், ஆறு பதில். அந்த ஆறையும் அந்த அம்மாவின் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் வந்திருக்கிறார், அவர் கண்ணை மூடிய பிறகு.

"நீங்க மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ தேடறத விட்டிருப்பேண்ணா" என்றார் தையல்காரம்மா, போன வாரம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவருடைய தாய் இறந்துபோன செய்தியை நீங்கள் சொல்ல வேண்டாம்; நான் சொல்கிறேன். ஆறுதல் சொல்ல என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?