மூணாம் பாடம்

நாலு மாசம் மேடம். நாலு மாசமா அஞ்சாங்கிளாஸ் பசங்க முப்பது பேரும் மூணாம் பாடத்துலயே நிக்கறாங்க. 'எங்கள் வீட்டுத் தோட்டம்.' ஒப்பிச்சு ஒப்பிச்சு இப்ப பின்னாலேந்து முன்னால சொல்றாங்க. எனக்கே தூக்கத்துல வருது... அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும், இப்படி வாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம்னு பேரு, உக்கார ஒரு நாற்காலி கெடையாது. பசங்களுக்குப் பாடம் சொல்ற டேப்லெட், அந்த டேப் மட்டும் முப்பது. உங்க ஆபீஸ்லேந்து கொண்டாந்து எறக்குனப்ப நான்தான் ரிப்பன் வெட்டினேன். அன்னிக்குச் சிரிச்சதுதான்.

அந்தப் பச்சைப் பட்டன யாரு மேடம் யோசிச்சது? சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா போனுக்குச் செய்தி வரும், பிள்ளையோட உக்காந்து கதையப் படிக்கணும், படிச்சிட்டுப் பச்சைய அழுத்தணும். மூணாம் பாடத்துக்கு மேல, இருபது அம்மா அழுத்தினாத்தான் அடுத்த பாடம் தெறக்கும். நல்லாத்தான் இருக்கு கேக்க. எங்க அம்மாங்க ஆறு மணிக்கு எங்க இருப்பாங்க? தையல் ஷெட்ல. ஏழரைக்குத்தான் மொதலாளி வெளிய விடுவான். காலையில வாசல்லயே போனை வாங்கிப் பூட்டிடுவான். சரி, வீட்டுக்கு வந்து பாக்கறாங்கன்னே வெச்சுக்கோங்க, படிக்க வரணுமே? ஒரு அம்மா போனத் தூக்கிட்டு ஓடி வந்து, அந்தச் செய்தியக் காட்டி, "டீச்சர், கரண்ட கட் பண்ணப் போறானா"ன்னு கேட்டா. இன்னொருத்தி பயந்துபோய் அழிச்சே போட்டுட்டா.

அந்த டேப்ல பேசுற குரல் வேற... எதச் சொன்னாலும் 'அருமை செல்லமே'ங்குது. இருபது வருஷ சர்வீஸ்ல நான் ஒருத்தரையும் செல்லம்னு கூப்பிட்டதில்ல. இப்ப பசங்க என்னை ஏற எறங்கப் பாக்குதுங்க.

சிரிக்காதீங்க மேடம். ரெண்டு மாசத்துல பரீட்சை. பாஸ் பண்ணலேன்னா பெரிய ஸ்கூல்ல ஆறாவது சேத்துக்க மாட்டாங்க. பையனுங்க எங்கயாவது பொழச்சுக்குவானுங்க. பொண்ணுங்கள அம்மா பின்னாடியே ஷெட்டுக்கு அனுப்பிடுவாங்க. பதினாலு பொண்ணுங்க. வாசல்ல 'உங்கள் ஊருக்கென்றே உருவாக்கியது'ன்னு போர்டு வெச்சுட்டுப் போனீங்களே, எந்த ஊரு மேடம் அது?

என்ன எடுக்கறீங்க பையிலேந்து? ஓ... பெற்றோர் படிவமா. ஆமா, டேப் வர்றதுக்கு முன்னாடி நீங்க கேட்டு இங்கேந்து போனதுதான். 'மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன்.' ம். 'நன்றாகப் படிக்கத் தெரியும்.' ம்ம். 'வீட்டில் தோட்டம் உண்டு...' இத்தனைலயும் உண்டா? கையெழுத்தா? எல்லாம் ஒரே மாதிரியா இருக்கு? ஒரே பேனாவா இருந்திருக்கும் மேடம்.

சரி. அந்தக் கதவச் சாத்துங்க.

நான்தான் எழுதினேன். ஒரு மத்தியானம் உக்காந்து முப்பதையும் எழுதி முடிச்சேன். ஏன்னு கேளுங்க. உங்களுக்கு முன்னாடி வேற ஒரு ஆபீஸ்லேந்து வந்து இதே மாதிரி அம்மாங்களப் பத்திக் கேட்டாங்க, அப்ப உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்தேன். அவங்க என்ன பண்ணாங்க, ஒரு அம்மாவோட படத்தப் பெருசாப் போட்டு, கீழ 'எழுத்தறியாத தாய்'னு அச்சடிச்சுத் தெருவெல்லாம் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. அவ இன்னிக்கும் என்னைப் பாத்தா தெரு மாறிப் போறா. மறுபடி அப்படி எழுதக் கை வரல மேடம். அஞ்சாவது படிவத்துலயே எல்லாரையும் படிக்க வெச்சுட்டேன். பத்தாவதுல தோட்டம் போட்டேன். எழுத எழுத அவ்ளோ நல்லாருந்துது, அந்த ஊருக்கே ஒரு மாத்தல் வாங்கிட்டுப் போயிடலாமான்னு தோணுச்சு. நீங்க அத அப்படியே நம்பி, அச்சு அசலா அதுக்கேத்த மாதிரி செஞ்சுட்டு வருவீங்கன்னு யாரு கண்டா?

தப்புதான். அந்தப் பசங்களப் பாக்கறப்பல்லாம் கூசுது. ஆனா இதச் சரி பண்ணிடலாம் மேடம். வெறும் படிவம் இருந்தா குடுங்க. நாளைக்கே முப்பதும் உண்மையா எழுதி வெச்சிடறேன்.

ஏன் எழுந்துட்டீங்க? ஷெட் வாசலுக்கா? அவங்ககிட்டயே கேக்கவா? வேணாம் மேடம், ஏழரை வரைக்கும் அங்க வாசல்லயே நிக்கணும். நான்தான் எழுதித் தரேன்கறேனே. அவங்களக் கேக்க ஆரம்பிச்சா, அப்புறம் அவங்க மனசுல நெனைக்கறதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்களே... மேடம்? மேடம்...