பிசிறு வெட்டிய கை

கைகளை நம்பி வாழும் ஊரின் பெருமக்களே! வந்து அமர்ந்த நேரம் முதல், மேடையில் தொங்கும் ஒரு துணியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் விடாத அவைத்தலைவர் அர்த்தநாரி ஐயா அவர்களே! அறுபத்தேழு வயது மாணவனிடமும் "வீட்டுப்பாடம் எங்கே சார்?" என்று கேட்கத் தயங்காத எங்கள் ஆசிரியை தேஜஸ்ரீ அவர்களே! சோமனூரிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியவர்களே! வாரத்தில் கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையை, ஊறப்போட்ட துணியை ஊறவிட்டுவிட்டு, எங்களுக்காகக் கொடுத்த தாய்மார்களே! வெட்டும் கைகளே, தைக்கும் கைகளே, மடிக்கும் கைகளே! உங்கள் எல்லோருக்கும் கந்தவேலின் பணிவான வணக்கம்.

பின்வரிசையில் யாரோ "சத்தம் பத்தலீங்க" என்கிறார்கள். பத்தாதுதான் ஐயா. முப்பத்து நான்கு ஆண்டுகள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவன் நான். அந்த வேலைக்கு வாய் வேண்டாம், கண்ணும் விரலும் போதும். குறையைப் பார், விரலை வை, ஒதுக்கு. இதுதான் என் மந்திரம். மைக் பிடித்த பழக்கம் இல்லை. குரலில் பிசிறு தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரிசு கிடைத்தால் பேச வேண்டியிருக்குமே என்று, ஆறு அட்டைகளில் எண் போட்டு உரை எழுதிக்கொண்டு வந்தேன். அதைப் படிக்கப் போவதில்லை. பத்து நிமிடங்களுக்கு முன் துணி வடிவப் போட்டிக்கான இந்தக் கேடயத்தை என் கையில் கொடுத்தார்கள். "முதல் பரிசு, எண் ஏழு, கந்தவேல்" என்றார்கள். நீங்களும் கை வலிக்கத் தட்டினீர்கள். அந்தக் கேடயத்தை இந்த மேசைமேல் வைத்துவிடுகிறேன். இது என்னுடையதல்ல. முதல் பரிசுக்காரருக்குத் தலைவர் தம் கம்பெனியில் அறிவித்த சாம்பிள் பிரிவு வேலையும், அதாவது புது வடிவங்களைத் தைத்துப் பார்க்கும் வேலையும், என்னுடையதல்ல. அதற்கு உரியவர் மூன்றாவது வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். பெயர் மருதாள். பதினோரு ஆண்டுகளாகப் பிசிறு வெட்டும் வேலை, தைத்த துணியில் தொங்கும் நூல்முனைகளை வெட்டும் வேலை, செய்கிறவர்.

தலைவர் நிமிர்ந்து பார்க்கிறார். சொல்லிவிடுகிறேன் ஐயா. வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நல்லூரில் ஒரு தையல் யூனிட்டின் மாடியில், ஞாயிறுதோறும், துணியை உருமாற்றும் வித்தை கற்றுத் தருகிறார் தேஜஸ்ரீ. ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவன், பொழுதுபோக்காகத்தான் போனேன். முதல் நாள் என்ன செய்தார் தெரியுமா? ஆளுக்கு ஒரு முழம் பனியன் துணியைக் கொடுத்து, "இதைக் கெடுங்கள்" என்றார்.

கெடுப்பதா? நானா? பின்னல் இயந்திரத்தில் ஓர் ஊசி விட்டுப்போனால் துணியில் நெடுக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்காக எத்தனை கட்டுத் துணியைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! எத்தனை பேரிடம் வசவு வாங்கியிருப்பேன்! அந்தக் கோட்டை நானே என் கையால் போட வேண்டுமாம். என் பக்கத்தில் இருந்த மருதாள் பின்னல் கண்ணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க சாமி, துணியைப் பாத்துக் கும்புட்டுட்டே இருந்தா எப்படீங்க? கெடுங்க!"

சிரிக்கிறீர்கள். அந்த வகுப்பும் இப்படித்தான் சிரித்தது.

ஆனாலும் கற்றேன். தையலை இழுத்து மலைத்தொடர் போலச் சுருக்கக் கற்றேன். நான்கு துணிகளை அடுக்கித் தைத்து, மேல் மூன்றை மட்டும் கீறி, உள்ளே ஒளிந்த நிறத்தை வெளியே வரவழைக்கக் கற்றேன். கொண்டைக்கடலையைத் துணிக்குள் வைத்து, நூலால் இறுக்கிக் கட்டி, வேகவைத்து, ஆறியபின் அவிழ்த்தால் துணி முழுக்கக் குமிழ்கள் நிற்கும். அதையும் கற்றேன். கடலை என்ன ஆயிற்று என்று முன்வரிசை அம்மா கேட்கிறார். வீட்டில் அதே கேள்விதான் அம்மா. பாலியெஸ்டர் வாசம் அடித்ததால் யாரும் சாப்பிடவில்லை.

வாராவாரம் என் நோட்டில் ஒரே கேள்வியை எழுதிவைத்தேன். குறை என்றால் என்ன? தெரியாமல் விழுந்த கோடு குறை. தெரிந்து போட்ட கோடு வடிவமா? கோடு ஒன்றுதானே? அப்படியானால் குறை துணியில் இருக்கிறதா, போட்டவர் மனத்தில் இருக்கிறதா? நோட்டில் கேள்வி இருந்தது. கையில் இல்லை. நேற்றுப் பிற்பகல் என் கை அதைக் காட்டிவிட்டது.

நேற்று எல்லோரும் போட்டித் துணிகளை வகுப்பில் வைத்துவிட்டுப் போனார்கள். மருதாள் வீட்டிலேயே செய்து முடித்ததைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடினார். ஆசிரியை என்னிடம், "ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள் சார்" என்று சொல்லிவிட்டு மண்டபம் பார்க்கப் புறப்பட்டார்.

பார்த்தேன். மருதாளின் துணியை எடுத்தேன். கட்டிங்கில் கழிந்த பட்டைகளைப் பல நிறத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார். ஆனால் ஒவ்வொரு தையலின் முனையிலும் நூல் தொங்கியது, சாண் நீளத்துக்கு, மக்காச்சோளக் கருதின் பட்டு நார் மாதிரி. என் மனம் என்ன சொன்னது தெரியுமா? "பாவம், ஷிப்டுக்கு நேரமாகிப் பிசிறு வெட்டாமல் போய்விட்டது. நாமாவது உதவுவோம்."

பையிலிருந்து நூல் வெட்டும் கட்டரை எடுத்தேன். ஆம், இன்னமும் பையில் வைத்திருக்கிறேன். ஒன்றேகால் மணி நேரம் வெட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு நூல்கள். எண்ணினேன். வெட்டியவை துணியில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒரு கவரில் போட்டேன். கடைசியாக, பார்த்து முடித்த துணிக்குச் செக்கிங்காரன் என்ன செய்வான்? தன் எண்ணை ஒட்டுவான். முப்பத்து நான்கு ஆண்டுகளாக என் எண் ஏழு. வகுப்பில் போட்டி எண்ணாகவும் அதையே கேட்டு வாங்கியிருந்தேன். ஏழு என்று எழுதிய சிறு ஸ்டிக்கரை உள்மடிப்பில் ஒட்டினேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

இன்று காலை எட்டு மணிக்கு, துணிகளை மண்டபத்துக்கு அனுப்ப நான் வகுப்பில் இருந்தபோது, மருதாள் வந்தார்.

"ஏனுங்க சாமி, என்ற துணி எங்கீங்க?"

"இதுதாங்க."

"இது இல்லீங்க. என்றதுல நூலு தொங்குமுங்க."

"நான்தான் சுத்தமா வெட்டி வச்சேன்."

அவர் துணியை மடியில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "பதினோரு வருசமா வெட்டியே போட்டேனுங்க. ஒரு துணியிலயாச்சும் வெட்டாம உட்டுப் பாக்கோணும்னு நெனச்சேன். அதையும் நீங்க வந்து வெட்டீட்டீங்களே!"

அவையோரே, பல்லாயிரம் துணிகளில் குறை கண்ட இந்த விரல், அந்தப் படியில் எங்கே நீளும்? என்னை நோக்கித்தான் நீண்டது. 

பிறகு அவரே கேட்டார்: "வெட்டுனது எங்கீங்க? குப்பைக்குப் போயிருச்சுங்களா?"

"கவர்ல இருக்குதுங்க. நானூத்திப் பன்னெண்டு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எண்ணி வேற வச்சிருக்கீங்களா! உங்க செக்கிங் புத்திதான் கெடுத்துச்சு, அதேதான் காப்பாத்தோணும். கொண்டாங்க!"

பதினொரு மணிக்கு நடுவர்கள் வருகிறார்கள். இருப்பது மூன்று மணி நேரம். துணியைத் தரையில் விரித்தார். வெட்டுப்பட்ட நூல்களை, வெட்டுப்பட்ட இடங்களுக்கு மேலேயே, மழைச்சாரல் சாய்ந்து விழுவதுபோலப் பரப்பினார். மேலே மெல்லிய வலைத்துணியைப் போர்த்தினார். தையல் இயந்திரத்தில் வைத்துப் பெடலை மிதித்தார். முன்னும் பின்னுமாக, நெருக்கி நெருக்கி, நூறு கோடுகளாவது தைத்திருப்பார். நான் என்ன செய்தேன்? ஊசியில் நூல் கோத்தேன், ஓரத்தைப் பிடித்தேன். அவ்வளவுதான். ஓர் இடத்தில் நூல்கள் கோணலாகக் கிடக்கின்றனவே என்று நேராக்கக் கை நீட்டினேன். "கைய எடுங்க சாமி!" என்றார். எடுத்துவிட்டேன்.

கடைசித் தையல் முடிவதற்குள் விழாக் குழுப் பிள்ளைகள் வந்து, "நேரமாச்சுங்க்கா" என்று மடியிலிருந்தே துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். அவருடைய எண் அட்டையைக் குத்த நேரமில்லை. எண்ணைத் தேடியவர்கள் உள்மடிப்பைப் பார்த்தார்கள். ஏழு! நடுவர்கள் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஏழாம் எண்ணில் இரண்டு துணிகள் தொங்கின. ஒன்று என் கொண்டைக்கடலைத் துணி. இன்னொன்று மருதாளின் துணி.

என் எண்ணை அறிவித்தபோது, மறைக்காமல் சொல்கிறேன், அரை நிமிடம் நம்பினேன். கடலைக்குத்தான் பரிசு என்று நம்பி மேடையேறினேன். தலைவர் விரித்துக் காட்டியது மருதாளின் துணி. அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று நீங்கள் அழைத்ததால் பிழைத்தேன்.

மருதாள் எழுந்துவிட்டார். "உடுங்க சாமி! நீங்க வெட்டுலீன்னா இந்தத் துணியே வந்திருக்காதுங்க. ரெண்டு பேரு பேரும் போட்டுருங்க" என்கிறார். அவை கைதட்டுகிறது. தட்டாதீர்கள். இந்த ஒன்றில் நான் ஒப்பமாட்டேன். மழை கூரையைப் பிரித்துவிட்டது. ஒருவர் முன்னைவிட நல்ல கூரை வேய்ந்தார். வேய்ந்த கூலியில் மழைக்கும் பங்கு உண்டா? வெட்டியது என் பழக்கம். பார்த்தது அவர் கண். படைத்தது அவர் கை. தெரியாமல் விழுந்தது குறை. தெரிந்து செய்தது கலை. என் நோட்டுக் கேள்விக்கு இன்று காலை அந்தப் படியில் விடை கிடைத்தது. நேற்று அந்தத் துணியில் விழுந்த ஒரே குறை நான்.

தலைவர் அவர்களே, உங்கள் சாம்பிள் பிரிவுக்குப் புது வடிவம் தேடுவதாகச் சொன்னீர்கள். நூலின் ஒவ்வொரு முனையையும் பதினோரு ஆண்டு தொட்டவரைவிட, எந்த முனையை விடலாம், எந்த முனையை வெட்டலாம் என்று யாருக்குத் தெரியும்? பெயரை மாற்றி எழுதுங்கள். தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார். தேஜஸ்ரீ பட்டியலை நீட்டுகிறார். நன்றி ஐயா. இப்போது தட்டுங்கள்! வாங்க மருதாள், மேலே வாங்க. செருப்பைக் கழற்ற வேண்டாம், இது கோயில் இல்லை. பிடியுங்கள். கனமாகத்தான் இருக்கும்.

ஒரு வேலை பாக்கி. அந்தத் துணியை இப்படிக் கொடுங்கள். உள்மடிப்பு, இதோ இருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனையோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். ஒட்டியதை உரிப்பது இதுதான் முதல்முறை. வந்துவிட்டது.

கேட்டிருந்த பெரியோருக்கும் தாய்மாருக்கும், கெடுக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியைக்கும், என் குரலில் தட்டிய பிசிறை வெட்டாமல் அப்படியே ஏற்றுக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்.