பவளத் தொட்டியும் மருதாத்தாள் ஊற்றிய தண்ணீரும்

பெயர்: பூபதிராஜா. வயது: 47. தகப்பனார் பெயர்: காலஞ்சென்ற காளிச்சாமி. தொழில்: தென்னை விவசாயம். முகவரி: கிழக்குத் தோட்டம், வடகரப்பதி பஞ்சாயத்து, பாலக்காடு மாவட்டம்.

நான் மேற்படி முகவரியில் மனைவி யோகப்பிரியாவுடன் குடியிருந்து வருகிறேன். மலையாளம் பேசுவேன், படிக்க வராது. ஆகையால் தமிழ் தெரிந்த காவலர் சுவக்கீன் இதை எழுதுகிறார். என்னை யாரும் அழைத்து வரவில்லை. என் அண்ணன் மனைவி மருதாத்தாள் என் மீன் தொட்டியில் விஷம் கலந்தார் என்று போன வாரம் இதே நிலையத்தில் நான் கொடுத்த புகார் பொய் என்று சொல்வதற்காக நானே வந்தேன்.

எங்கள் அப்பா கட்டிய வீட்டை நானும் அண்ணன் சென்னிமலையும் பாகம் பிரித்து, நடுவில் சுவர் எழுப்பி, ஆளுக்குப் பாதியாக இருந்து வருகிறோம். சுவர் கட்டியதில் என் பக்கம் ஒரு முழம் குறைந்துவிட்டது என்று எனக்கு மனக்குறை உண்டு. இருந்தாலும் பேச்சுவார்த்தை நிற்கவில்லை. சுவரில் ஒரு கதவு விட்டிருந்தோம். அதைப் பூட்டுவது கிடையாது.

என் பக்கத்துக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்து, அதில் வளர்ப்புப் பவளங்களும் கோமாளி மீன்களும் வளர்த்து வந்தேன். சோளமும் தென்னையும் விளைகிற ஊரில் இது உனக்கு எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது, வைத்தேன். அந்தத் தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்பதால், தினமும் உப்பில்லாத சுத்தமான தண்ணீரைக் கண்ணாடியில் உள்ள குறி வரைக்கும் ஊற்றி வர வேண்டும். எங்கள் போர்த் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் மருதாத்தாளின் சமையலறையில் இருக்கிறது. அதனால் அவரே தினமும் காலையில், தன் வீட்டுக்குக் குடிக்கப் பிடிக்கும் தண்ணீரிலிருந்து சொம்பில் எடுத்துக்கொண்டு அந்தக் கதவு வழியாக வந்து ஊற்றிவிட்டுப் போவார். "ஏந்தம்பி, இத்தன நாளாத் தண்ணி ஊத்தறேன், உன்ற பூவு ஒன்னாச்சும் தலையில வெக்க ஆகுமா?" என்று, பூப்போல விரிந்திருக்கும் பவளங்களைக் காட்டிக் கேலி பேசுவார். ஆனால் ஊற்ற மறந்ததில்லை.

தொட்டியின் பழைய குழல்விளக்குகள் மங்கி, பவளங்கள் நிறம் மங்கிப் பழுப்படித்துப் போனதால், நான் கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போய், வெளிச்சத்தைக் கைப்பேசியிலேயே கூட்டிக் குறைக்கக்கூடிய எல்.ஈ.டி. விளக்கு வாங்கி வந்து, தொட்டிக்கு மேல் கம்பியில் தொங்கவிட்டேன். முதலில் கால்வாசி வெளிச்சம் வைத்து வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டும்படியும், எடுத்த எடுப்பில் முழு வெளிச்சம் கொடுத்தால் பவளம் வெளுத்துச் செத்துப்போகும் என்றும், இரவில் கட்டாயம் இருட்டு வேண்டும் என்றும் கடைக்காரர் சொல்லி அனுப்பினார். இதில் எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. புதிதாக நட்ட தென்னம்பிள்ளைக்கு ஓலை கட்டி நிழல் கொடுத்து, வேர் பிடித்த பிறகு வெயில் காட்டுகிற பிழைப்புத்தான் என்னுடையது. சொன்னபடியே கால்வாசியில் வைத்தேன்.

அதன் பிறகு, கூடத்துக்குப் புதுத் தரை போட்டு முடிந்ததால், சொந்தக்காரர்களை அழைத்துப் பால் காய்ச்சினோம். குத்துவிளக்கை ஏற்றியது மருதாத்தாள். அவரே மாவிலையால் மஞ்சள் தண்ணீரைக் கூடம் முழுக்கத் தெளித்துக்கொண்டு வந்தார். தொட்டியின் பக்கம் வந்தபோது, தண்ணீரில் ஒரு சொட்டும் விழாமல் இருக்க, முந்தானையைத் தொட்டியின் மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு தெளித்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு என் மைத்துனன் கோபிநாத் எல்லோர் முன்னிலையிலும், "ஏனுங் மச்சான், கோயமுத்தூர் வரைக்கும் போயி வாங்கியாந்தது கோழிக்கூண்டு பல்பாட்டம் எரியுது?" என்றான். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்து, கைப்பேசியை எடுத்து முழு வெளிச்சம் வைத்தேன். கூடமே நீலமாக ஜொலித்தது. எல்லோரும் தொட்டியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் யோகப்பிரியா, "கடைக்காரர் சொல்லிவுட்டாருல்லீங்க, கொறைச்சு வைங்க" என்று சொன்னபோது, "பால் காச்சுன ஊட்ல வெளக்க அமத்தறதா? மூணு நாளைக்கு எரியட்டும்" என்று அவள் வாயை அடைத்தேன். பால் காய்ச்சும்போது ஏற்றிய குத்துவிளக்கை மூன்று நாள் அணையாமல் எண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொள்வது எங்கள் குடும்பத்து வழக்கம். அது எண்ணெய் விளக்குக்கு உள்ளது. கரண்டு விளக்குக்கும் அதை நீட்டியது என் வீம்பு. ஊரில் இருந்த சொந்தக்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள், அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அதன் பிறகு பவளங்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து, சளி கட்டி, தண்ணீர் நாறி, கடைசியில் மீன்களும் செத்து மிதந்தன. கோபிநாத் போனில் கேட்டபோது, நானே தீய்த்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நங்கையா (அண்ணியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், அது விழுந்திருக்கும் என்று சொன்னேன். அடுத்தவரிடம் சொல்லும்போது அது, வேண்டுமென்றே எதையோ ஊற்றிவிட்டார் என்று ஆனது. சுவர் விவகாரத்தை நினைத்து எனக்கே அது நியாயமாகப் பட ஆரம்பித்தது. நிலையத்துக்கு வந்து, சொத்துத் தகராறு காரணமாக மருதாத்தாள் விஷம் கலந்தார் என்று எழுதிக் கொடுத்தேன்.

புகார் கொடுத்துவிட்டு வீடு திரும்பியதும் தொட்டியைக் கழுவப் போனேன். அப்போது பின்பக்கம், கல்லின் நிழலில் வெளிச்சம் படாத இடத்தில், பவளம் ஒன்று பச்சை நிறம் மாறாமல் விரிந்திருந்ததைப் பார்த்தேன். தண்ணீரில் விஷம் இருந்தால் கல்லுக்குப் பின்னால் இருப்பதும் செத்திருக்கும். பவளங்களில் வெளிச்சம் பட்டவை மட்டுமே செத்திருந்தன. நான் அப்போதே நிலையத்துக்கு வந்து புகாரைத் திரும்பப் பெற்றிருக்கலாம். ஊர் சிரிக்கும் என்று நினைத்து, தொட்டியைக் கழுவாமல் அப்படியே விட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் எஸ்.ஐ. இரு தரப்பையும் விசாரணைக்கு அழைத்தார். மருதாத்தாள் அண்ணனுடன் ஆட்டோவில் வந்தார். தினமும் தொட்டிக்கு ஊற்றும் அதே சொம்பில் தண்ணீர் நிரப்பி, சொம்பின் வாயைத் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார். என்ன ஊற்றினாய் என்று எஸ்.ஐ. கேட்டதற்கு, "நாங்க குடிக்கற தண்ணிதானுங் சார். உங்களுக்குச் சந்தேகமிருந்தா இப்பவே குடிச்சுக் காட்டறனுங்க" என்று சொல்லி, துணியை அவிழ்த்து, எல்லோரும் பார்க்கச் சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தார். பாதியில் புரையேறியது. நிறுத்தி, இருமிவிட்டு, மீதியையும் குடித்தார். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பச்சைப் பவளத்தைப் பற்றி அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் கூடுதலாக இருந்தது.

அதன் பிறகு மருதாத்தாள் அந்தக் கதவு வழியாக வருவதில்லை. கதவு பூட்டப்படவில்லை. தொட்டியில் தண்ணீர் குறிக்குக் கீழே இறங்கியதைப் பார்த்து, நேற்றுக் காலை நான் அந்தக் கதவைத் திறந்துகொண்டு, மன்னிப்புக் கேட்க அவர் பக்கம் போனேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு யார் வந்தாலும் செய்வது போல உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதை என்னிடம் நீட்டுவதற்கு முன், அண்ணாந்து தன் வாயில் கொஞ்சம் ஊற்றி, அதை விழுங்கி, நான் பார்க்கும்படி நின்று, அதன் பிறகே சொம்பைக் கொடுத்தார். "என்னத்துக்குங்க நங்கையா இது?" என்று கேட்டேன். "பளகிப் போச்சு தம்பி" என்றார். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆளுக்கும், பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கும், இந்த நிலையத்துக்கு வந்துபோன நாள் முதல் இப்படித்தான் கொடுக்கிறார் என்று அண்ணன் சொன்னார்.

நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். மன்னிப்புக் கேட்க முடியவில்லை.

ஆகவே, மருதாத்தாள் விஷம் வைத்தவர் என்று எந்த இடத்தில் எழுதப்பட்டதோ அதே இடத்தில், அவர் ஊற்றியது நல்ல தண்ணீர் என்றும், தொட்டியைக் கொன்றது நான் வைத்த வெளிச்சம் என்றும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். பொய்ப் புகாருக்கு உள்ள நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன். இதைக் காவலர் சுவக்கீன் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பி, மருதாத்தாளுக்கும் ஒரு முறை இதை வாசித்துக் காட்ட வேண்டுகிறேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

(ஒப்பம்) கா. பூபதிராஜா