மாப்பிள்ளையின் கைராசி

கார் சாவியின் ரிமோட் உடைந்துபோனால் உடனே கம்பெனிக்கு ஓட வேண்டியதில்லை. அங்கே முழுச் சாவியையும் புதிதாக மாற்றச் சொல்வார்கள். கேட்கிற தொகைக்குக் காரையே விற்றுவிடலாம் என்று தோன்றும். பெரும்பாலும் உடைந்திருப்பது மேல்கூடு மட்டும்தான். உள்ளே இருப்பதெல்லாம் நன்றாகவே இருக்கும்.

என் மனைவியின் சாவியும் அப்படித்தான். மாடிப்படியில் விழுந்து கூடு பிளந்துவிட்டது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தாள்.

"இது சாவியாம்மா? கை முறிஞ்சு கட்டுப் போட்ட மாதிரியில்ல இருக்கு," என்று சிரித்தார் அவள் அப்பா. மாமனார் எங்களோடுதான் இருந்தார். இதயம் பலவீனமானவர். வாய்க்கு அந்தக் குறையில்லை.

கடைத்தெரு முனையில் சாவி செய்பவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன்.

"கம்பெனிக்காரன் பேச்ச விடுங்க சார். வெறும் கூடு வாங்கிக்குங்க, சட்டை மாத்துற மாதிரி நீங்களே மாத்திடலாம்," என்றார். பிறகு நகத்தால் உள்ளே தொட்டுக் காட்டினார். "இந்தக் கறுப்புத் துண்டு தெரியுதா? சிப்பு. அரிசி மாதிரிதான் இருக்கும். வண்டி இதை வச்சுத்தான் சாவியை அடையாளம் கண்டுக்குது. பழைய கூட்டுல ஒட்டிக்கிட்டே இருக்கும். எல்லாரும் இதைத்தான் மறந்துடுவாங்க. கதவு தொறக்கும், விளக்கு எரியும், இன்ஜின் மட்டும் எழுந்திருக்காது. என் மேல சண்டைக்கு வருவாங்க."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மறக்கிற ஆள் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி வீட்டில் புதுக் கூட்டை மாற்றியபோது சிப்பை மறந்தேன். முதல் தடவை நடந்தது மறதிதான். அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

விடிந்ததும் அவளுக்கு ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. நல்ல புடவை கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் மேசையைச் சுத்தம் செய்தபோது பழைய கூட்டுக்குள் அந்தக் கறுப்புத் துண்டைப் பார்த்தேன். ஜன்னல் வழியே கூப்பிட வாயெடுத்தேன். கீழே இன்ஜின் இரண்டு மூன்று தடவை இருமி அடங்கியது. அவள் மறுபடி திருகினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வண்டிக்கே நான் வேலைக்குப் போறது பிடிக்கல போலிருக்கு," என்று சொல்லி அழுகையை அடக்கிக்கொண்டு சிரித்தாள். அன்று முழுவதும் வீட்டிலேயே இருந்தாள். நான் படித்துக்கொண்டிருந்தேன், அவள் எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் பேசவில்லை. அவள் வீட்டில் இல்லாதபோது இருக்கும் அமைதி வேறு, இது வேறு. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு இந்த அமைதி எனக்கு அரிதாகிக்கொண்டே வந்தது. நான் யாரிடமும் குரல் உயர்த்தியவன் இல்லை. போகாதே என்று அவளிடம் ஒருமுறையும் சொன்னதில்லை.

மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுவதாகச் சொல்லி எடுத்துப் போனேன். சிப்பைக் கட்டைவிரலுக்கும் சாவிக்கும் இடையில் பிடித்துத் திருகினால் போதும், இன்ஜின் உடனே எழும்பும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, ஒன்றுமில்லையாம் என்றேன்.

அன்றிலிருந்து வண்டி எனக்கு மட்டும்தான் கிளம்பும். அவள் கையில் பத்துத் தடவைக்கு ஒரு தடவைகூட அசையாது. மாமனாருக்கு அது பெரிய வேடிக்கை.

"உன் வண்டிதான், உனக்கு அடங்க மாட்டேங்குது. மாப்பிள்ளை தொட்டா பசு மாதிரி வருது பாரு. கைராசிம்மா, கைராசி."

"நீங்களே உங்க மாப்பிள்ளையை மெச்சிக்குங்க," என்பாள். அந்த நேரங்களில் எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் வெட்கத்தோடு ஒரு மனிதன் பழகிவிட முடியும். சட்டைப் பையில் அரிசி அளவு பொருள், அதற்கென்ன எடை. பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். நம்பி வர முடியாத வண்டியை வைத்துக்கொண்டு எப்படி என்று அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். பிறகு அவள் தோழிகளைப் பார்க்கப் போவதும் நின்றது. எங்கே போனாலும் நான் வர வேண்டும் என்றானது. வந்தேன். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

ஒரு பகல் வேளையில் அச்சகத்துக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, அப்பாவுக்கு நெஞ்சு வலி. வேர்த்துக் கொட்டுது. கார்ல உக்கார வச்சுட்டேன், கிளம்ப மாட்டேங்குது."

"கிளட்சை நல்லா மிதிச்சுத் திருப்பு," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"ஸ்டீயரிங் முன்னாடி சாவிப் படம் ஒண்ணு சிவப்பா மின்னிக்கிட்டே இருக்கு. எதிர்வீட்டு டாக்சிக்காரரு இருக்காரு, அவரைக் கூப்பிடட்டுமா?"

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். டாக்சிக்காரர் நல்ல மனிதர். அவர் வண்டி எதிர்வாசலிலேயே நின்றது. ஆனால் வருகிறவர் முதலில் எங்கள் வண்டியில் ஏறித் திருகிப் பார்ப்பார். வண்டி சாவியை அடையாளம் காணவில்லை என்பதுதான் அந்தச் சிவப்புப் படத்துக்கு அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். சாவியைத் திறந்து பார்ப்பார்.

"அவரு ராத்திரி ஓட்டிட்டுத் தூங்குவாரு, எழுப்பாத," என்றேன். "நான் வந்துடறேன். நான் எடுத்தா கிளம்பிடும்."

ஆட்டோ பிடித்துத்தான் போனேன். வழியெல்லாம் நெரிசல். தெருவில் திரும்பியபோது காரின் பின்கதவு திறந்திருந்தது. அவள் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் ஏறினேன். கட்டைவிரலை வைத்துத் திருகினேன். முதல் திருகிலேயே எழும்பியது. கண்ணாடியில் அவள் என் கையைப் பார்த்தது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவரை இறக்கியபோதே டாக்டர் அவசரப்படவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் போன பிறகு ஒரு சாயங்காலம் அவளாகப் பேசினாள்.

"நான் டாக்சிக்காரரைக் கூப்பிடப் போனேங்க. அப்பாதான் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'அதான் மாப்பிள்ளை வர்றாருல்ல. அவரு தொட்டா எடுத்துடும்'னாரு."

நான் புத்தகத்தை மூடி வைத்தேன். அவள் எதிரே உட்கார்ந்து துணி மடிக்கத் தொடங்கினாள். அவளுடைய மௌனத்தை இவ்வளவு பயத்தோடு நான் கேட்டதே இல்லை.

கொன்றது நான்தான். அதில் எனக்கு ஒளிவு மறைவு இல்லை, தலைகுனிந்துதான் எழுதுகிறேன். அவளிடமும் சொல்லிவிட்டு, சிப்பைச் சாவிக்குள் ஒட்டிக் கொடுத்துவிடத்தான் போகிறேன். பசை வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் அப்பாவை இழந்த துக்கத்தில் இருக்கிறவள், இந்த நிலையில் தனியாக வண்டி எடுத்துக்கொண்டு எங்கே போவாள், எப்படிப் போவாள் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அவள் கொஞ்சம் தேறட்டும். அதுவரை அது என் சட்டைப் பையிலேயே இருப்பதுதான் அவளுக்கு நல்லது.