ஆறு மணிக்குப் பதினெட்டு மூச்சு

காலை மணி நாலே முக்கால். நர்சிங் விடுதியின் பின்வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் உயரமான மதில், மறுபக்கம் பூட்டிய சலவைக்கூடம். நடுவில் இரண்டே விளக்குகள்... அதிலும் ஒன்று எரியாது. அந்த நேரத்தில் அங்கே நாய்கூட நடமாடாது. என் தோழியின் தங்கை மட்டும் நடந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

காலடிச் சத்தம் இல்லை. மூச்சு மட்டும். ஹ்ம்ம்... ஹா. ஹ்ம்ம்... ஹா. நன்றாகத் தூங்குகிறவர் விடுகிற மூச்சு. கூடவே ஒரு வாசனை. அப்போதுதான் அரைத்து இறங்கிய சூடான கோதுமை மாவின் வாசனை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடவும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நின்று எண்ணினாள். பதினெட்டு.

சிரிக்காதீர்கள். பேய் வந்தால் ஓடுவார்களா, நின்று கணக்குப் பார்ப்பார்களா என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் என் தோழியிடம் அப்படித்தான் கேட்டேன். அவள் முழுவதும் சொல்லி முடித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெழுகுவர்த்தியை இப்படி நடுவில் வையுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது.

அந்தப் பெண்ணை வீட்டில் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவுதான் இருப்பாள். அப்பா தையல்காரர். மகளின் வெள்ளைச் சீருடையை வேறு யாரையும் தைக்க விடாமல் தானே தைத்தவர். கடைக்கு யார் வந்தாலும் அளவு எடுப்பதற்கு முன்னால் மகளைப் பற்றித்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தால் போதும், தெருவே பி.பி. பார்த்துக்கொள்ள வாசலில் வந்து உட்காரும். பாதிப் பேருக்கு ஒரு நோயும் கிடையாது. அவள் கையைப் பிடித்துப் பார்த்தால் ஒரு தெம்பு, அவ்வளவுதான்.

நர்சிங் கடைசி வருடம். பெண்கள் வார்டில் பயிற்சி. இருபத்து நாலு கட்டில். காலை ஆறு மணிக்குள் ஒவ்வொரு கட்டிலிலும் காய்ச்சல், நாடி, பி.பி., மூச்சு என்று நாலும் பார்த்துச் சார்ட்டில் எழுதியாக வேண்டும்.

இங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. பி.பி.க்கு மிஷின் உண்டு. மூச்சுக்கு அந்த வார்டில் எதுவும் கிடையாது. பக்கத்தில் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். இருபத்து நாலு பேருக்கு இருபத்து நாலு நிமிடம். யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால் யாரும் எண்ணுவதில்லை. எல்லோரும் பதினெட்டு என்று எழுதுவார்கள். சந்தேகம் வராமல் இருக்க நடுநடுவே ஓர் இருபது. முதல் வாரத்திலேயே சீனியர்கள் சொல்லிக்கொடுத்துவிடுகிற வித்தை இது. குருவியும் பழகிக்கொண்டாள்.

பதினோராம் கட்டிலில் ஒரு மாவு மில்காரம்மா. மில்லம்மா என்றால் ஆஸ்பத்திரிக்கே தெரியும். வாய் அப்படி. "ஏம்மா, நீ கை வச்சா எனக்கு பல்ஸ் ஏறுது, உன் கை அவ்ளோ ஜில்லுனு இருக்கு" என்று குருவியைக் கிண்டல் செய்கிறவர். உடம்பு தேறிவிட்டது. மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியாகிவிட்டது.

அந்த மறுநாள் காலையில் குருவி அரை மணி நேரம் தாமதமாக எழுந்தாள். ஓட்டமும் நடையுமாக வார்டுக்கு வந்து கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே போனாள். பதினோராம் கட்டிலுக்கு வரும்போது மணி ஆறு அடிக்க ஐந்து நிமிடம். மில்லம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போர்வை கழுத்து வரைக்கும்.

எழுப்பினால் வாய் திறப்பார், பத்து நிமிடம் போய்விடும். வீட்டுக்குப் போகிறவர்தானே... குருவி கட்டிலின் காலடியிலேயே நின்று, முந்தின நாள் ராத்திரி எழுதியிருந்த எண்களைப் பார்த்தாள். கொஞ்சம் முன்னே பின்னே மாற்றினாள். காய்ச்சல் இல்லை. நாடி எழுபத்தாறு. பி.பி. நூற்றிருபதுக்கு எண்பது. மூச்சு பதினெட்டு. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஆறரைக்குத் தரை துடைக்க வந்த பெண்ணின் கை அந்த அம்மாவின் காலில் பட்டது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

டியூட்டி டாக்டர் வந்தார். கையை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. "மூணு மணி நேரமாச்சும் ஆயிருக்கும்" என்றார், மெதுவாக. வார்டின் பெரிய சிஸ்டர் சார்ட்டை எடுத்தார். படித்தார். குருவியை நிமிர்ந்து பார்த்தார். குருவியின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆறு மணிக்கு நல்லாத்தான் சார் இருந்திருக்காங்க. சார்ட்ல இருக்கு" என்றார் பெரிய சிஸ்டர்.

டாக்டர் சார்ட்டைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறந்த நேரம் ஆறு இருபது என்று எழுதினார். அவர் போனதும் பெரிய சிஸ்டர் குருவியின் காதருகே வந்து, "படிப்பு முடியணும்னா வாயைத் திறக்காதே. உன்னோட சேர்ந்து எத்தனை பேர் தலை உருளும்னு தெரியுமா?" என்றார். அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

வெளியே பெஞ்சில் மில்லம்மாவின் மகள் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். அம்மாவும் மகளுமாகத்தான் அந்த மில்லை நடத்தினார்கள், வேறு ஆள் கிடையாது. ராத்திரி முழுக்க அந்த பெஞ்சிலேயே இருந்திருக்கிறாள். அவள் குருவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு சிஸ்டர். மனசே சரியில்ல. உள்ள விடுங்கன்னு கேட்டேன். தூங்குறாங்க, காலையில பாருங்கன்னு அனுப்பிட்டாங்க. நானும் வந்து உக்காந்துட்டேன். நீங்கதானே ஆறு மணிக்குப் பாத்தது? நல்லா இருந்தாங்களா?"

குருவி சொன்னாள். "நல்லா தூங்கிட்டிருந்தாங்க. மூச்சு நல்லா விட்டாங்க. பதினெட்டு."

அந்த மகள் குருவியின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்களாச்சும் பக்கத்துல இருந்தீங்களே" என்றாள். திட்டியிருந்தால், அடித்திருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா என்று குருவி பின்னால் என் தோழியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அந்தக் கையை அன்றைக்கு எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாள் என்று அவளுக்கே தெரியாதாம்.

அதற்கு மறுநாள்தான் அந்தப் பாதை. அந்த மூச்சு.

பிறகு தினமும் வந்தது. விடுதியிலிருந்து வார்டு வாசல் வரைக்கும். வார்டுக்குள் நுழைந்தால் நின்றுவிடும். கூட்டாமல் குறைக்காமல் நிமிடத்துக்குப் பதினெட்டு. குருவி அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டிலிலும் முழு நிமிடம் நின்று எண்ணத் தொடங்கினாள். நாலு மணிக்கே எழுந்து போனாள். பெரிய சிஸ்டர் எல்லோர் முன்னாலும், "இவளைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று சொன்னபோது இவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். போனால் தெரு கையை நீட்டும். அப்பா பார்த்துப் பூரிப்பார். இரண்டையும் அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு ராத்திரி அப்பா போன் செய்தார். "கடைசிப் பரீட்சைக்குப் புதுசா ஒரு செட் தைக்கிறேன்மா. அளவு அதேதானே? நீ இளைச்சிருப்பேன்னு அம்மா சொல்றா." குருவி போனை வைத்துவிட்டு விடியற்காலை வரை உட்கார்ந்திருந்தாள். அந்தத் துணியை எந்த முகத்தோடு போட்டுக்கொள்வது? அந்த மகளிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது... படிப்பு போனால் போகட்டும். அப்படி முடிவு செய்தாள். மனசு மாறுவதற்குள் கிளம்பினாள்.

மில் இருந்த தெருவுக்குப் போய்ச் சேரும்போது ஐந்தே முக்கால். வழியெல்லாம் பின்னால் அந்த மூச்சு. கதவைத் தட்டியதும் நின்றுவிட்டது.

மகள் கதவைத் திறந்தாள். இவளைப் பார்த்து ஆச்சரியமே படவில்லை. முகம் தெளிவாக இருந்தது. தலைவாரி, பளிச்சென்று இருந்தாள். துக்க வீட்டின் களையே இல்லை. உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா வா. அம்மா தூங்குறாங்க."

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஹ்ம்ம்... ஹா. ஹ்ம்ம்... ஹா.

"நீ சொன்னதிலிருந்துதான் எனக்கு நிம்மதி" என்றாள் மகள். "நான் வெளியில உக்காந்திருந்தப்போ உள்ள அம்மா நல்லாத்தான் மூச்சு விட்டுட்டு இருந்தாங்கன்னு... அது போதும் எனக்கு. அன்னைக்கு ராத்திரியே இங்க வந்துட்டாங்க. கேக்குதில்ல?"

குருவி வாயைத் திறந்தாள். "அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் காலையில நான்..."

உள்ளே மூச்சு நின்றது.

அப்படியே நின்றுவிட்டது. காது கொடுத்துக் கேட்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொள்வாரே, அப்படி. மகளின் முகம் வெளுத்துப்போயிற்று. உள்ளறைப் பக்கம் திரும்பினாள். பிறகு குருவியின் பக்கம். கண்ணில் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளின் பார்வை.

"என்ன ஆச்சு? ஏன் நின்னுருச்சு? நீ போய்ப் பாரு. நீ நர்ஸ்தானே, போய்ப் பாரும்மா!"

ஒரு நோட்டையும் பேனாவையும் இவள் கையில் திணித்து உள்ளே தள்ளினாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டாள்.

அறையில் ஒரு கட்டில். போர்வை கழுத்தளவுக்கு இழுத்துவிடப்பட்டிருந்தது. உள்ளே ஆள் இருப்பதுபோல் மேடாக... சுவர் பக்கம் திரும்பி. தலையணையில் தலை இல்லை. தலை வைத்த பள்ளம் மட்டும் இருந்தது. மாவு வாசனை தொண்டையை அடைத்தது.

குருவி கட்டிலின் காலடியில் நிற்கவில்லை. பக்கத்தில் போனாள். கடிகாரத்தைக் கையில் பிடித்தாள். அந்த அம்மாவுக்கு அன்றைக்குச் செய்யாததை இன்றைக்குச் செய்தாள். ஒரு முழு நிமிடம், கண் இமைக்காமல், போர்வையைப் பார்த்தாள். ஏறவில்லை, இறங்கவில்லை. பத்து விநாடி. முப்பது. ஐம்பது. அறுபது.

ஒன்றுகூட இல்லை.

கதவுக்கு வெளியே மகள் அழ ஆரம்பித்திருந்தாள். "எத்தனை? சொல்லும்மா... எத்தனை?"

குருவி நோட்டைப் பிரித்தாள். சைபர் என்று எழுத வேண்டும், அதற்காகத்தான் வந்தாள். ஒரே ஒரு எண். அதை எழுதினால் இவள் மனசு லேசாகும். வெளியே நிற்கிறவள் மூணு மணிக்குப் பத்தடி தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவைச் சாகவிட்டவள் ஆகிவிடுவாள்.

என் தோழி சொல்கிறாள், அந்தப் பெண்ணுக்காகத்தான் எழுதினேன் என்று தங்கை சொன்னாளாம். சொல்லிவிட்டு உடனே, "இல்லக்கா, பொய். அந்தப் புது சீருடை ஞாபகம் வந்துச்சு" என்றாளாம்.

பதினெட்டு என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

கையெழுத்தின் கடைசிக் கோட்டை இழுப்பதற்குள், அவள் காதுக்குப் பின்னால், கழுத்தில் சூடாகப் படுகிற அளவுக்குக் கிட்டத்தில்... ஹ்ம்ம். ஹா.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. மகள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு உட்கார்ந்து, நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கட்டம் போட ஆரம்பித்தாள். காய்ச்சல், நாடி, பி.பி., மூச்சு. மேலே நாளைய தேதி. அடுத்த பக்கத்தில் அதற்கு மறுநாள். அதற்கும் அடுத்தது...

"லேட் பண்ணாம வந்துரும்மா" என்றாள், தலை நிமிராமல். "நீ வர்ற வரைக்கும் அம்மா மூச்சைப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க."