வயித்துக்குள்ள வேலி

அந்தத் தட்டை இப்படிக் காட்டுங்க டாக்டர், நானும் பாக்குறேன். ச்சீ. இம்புட்டுக் கம்பியும் மாட்டு வயித்துலயா கெடந்துச்சு? ஒரு துண்டு நெஞ்சு வரைக்கும் குத்திருச்சா?

வேற எங்கேருந்து வரும்? தோ, அந்த வேலிதான். அதை வேலின்னு சொல்லவே நாக்கு கூசுது. எல்லாம் என் பொண்டாட்டியோட தம்பி கட்டுனது. பழைய இரும்புக் கடையில அவன் கிளறாத குப்பை கெடையாது. துருப்புடிச்ச கட்டில் காலு, பஸ்ஸு ஜன்னல் கம்பி. வாசலுக்கு என்ன வச்சிருக்கான் பாருங்க, ஃபிரிட்ஜு கதவு. முட்டை வைக்கிற குழிகூட அப்படியே இருக்கு. போறவன் வர்றவன்லாம் நின்னு சிரிச்சுட்டுப் போறான். இழுத்துக் கட்டக் கம்பி வேணும்னு பழைய டயரைப் போட்டுக் கொளுத்தி, உள்ள இருந்த கம்பியை உருவுனான் பாருங்க, அந்த நாத்தத்துல ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல.

ஆமா, நல்லாத்தான் நிக்குது. நிக்கலைன்னு யாரு சொன்னா?

நேத்து நீங்க, கம்பியை முழுங்கியிருக்கும்னு சொல்லிட்டுப் போனீங்கள்ல, உடனே கூப்பிட்டு வச்சுக் கேட்டேன். நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். அக்கா சோத்தைத் தின்னுட்டு அக்கா மாட்டுக்கே எமனா வந்தியேடான்னேன். என் மூஞ்சியையே பாத்துட்டு நின்னான். அதுலதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் பொண்டாட்டியா? மாட்டைக் கன்னுக்குட்டியிலேருந்து வளத்தவ. இனிமே என் வாசப்படி மிதிக்காதேன்னு கூடப்பொறந்தவன்கிட்ட அவளே சொல்லிட்டா. பையைத் தூக்கிட்டுப் போய்ட்டான்.

வெட்டுன கம்பித் துண்டையெல்லாம் அவன் பொறுக்கலையான்னா கேக்குறீங்க?

பொறுக்குனான் டாக்டர். அன்னிக்குப் பூரா குனிஞ்சு குனிஞ்சு, ஒண்ணு விடாமப் பொறுக்கி ஒரு டப்பாவுல போட்டான். மாமா, மாடு மேயுற எடம், இதை மட்டும் கடையில கொண்டுபோய்ப் போட்டுருங்கன்னு என் கையிலதான் குடுத்தான். அம்மாந்தூரம் யாரு நடக்குறதுன்னு, கொட்டகைக்குப் பின்னாடி புல்லுல கவுத்துட்டேன்.

அவ வர்றா பாருங்க. கை கழுவத் தண்ணி ஊத்தட்டுங்களா டாக்டர்?