ஒழுகிய வால்வும் என் மாப்பிள்ளையும்

வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டேன் என்பவர்களை நான் குறை சொல்வதில்லை. உடம்பென்றால் சுகம் கேட்கத்தான் செய்யும். என் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். வார நாளில் பத்து நிமிஷம் ஹீட்டர் போடுவார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மேனி சிவக்கச் சிவக்கக் குளிப்பார். நிதானமாகவே சொல்கிறேன் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்.

நான் முப்பத்தோரு வருஷம் ஆலையில் பாய்லர் பார்த்தவன். மனைவி போனபின் மகள் வீட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளை ஆபீசில் நாற்காலி தேய்ப்பவர். ஆனால் உலகத்தில் அவருக்குத் தெரியாத வேலை கிடையாது. நுனிப்புல் மேய்ந்துவிட்டு வயலே தன்னுடையது என்கிற ரகம். கதவுக் கீலைச் சரி செய்வார்; மறுநாள் கதவு கையோடு வரும். விருந்தாளிகள் வந்தால் என்னைக் காட்டி, "மாமா அந்தக் காலத்துல அடுப்பு ஊதிட்டிருந்தாரு" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். மரியாதைக்கு நானும் சிரிப்பேன்.

போன மாதம் ஹீட்டரின் பக்கவாட்டு வால்வு சொட்டத் தொடங்கியது. மகள் கீழே வாளி வைத்தாள்.

"அப்பா, இந்தச் சொட்டுச் சத்தம் என் மண்டைக்குள்ளேயே விழுது. என்னன்னு பாருங்களேன்."

பார்த்தேன். வால்வில் ஒரு கோளாறும் இல்லை. சூடு ஏறியதும் கரண்டை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட்தான் செத்துக் கிடந்தது. தண்ணீர் அளவுமீறிக் காய, அழுத்தம் ஏற, அந்தச் சின்ன வால்வு தன்னால் முடிந்த மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அது இல்லையென்றால் தொட்டி வெடிக்கும். அந்த வீட்டில் ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான். அதற்குத்தான் கெட்ட பெயர். புது தெர்மோஸ்டாட் மாட்ட எனக்கு அரை மணி நேரம் போதும்.

அதற்குள் அவர் வந்துவிட்டார்.

"என்ன மாமா, ஆராய்ச்சியா? ஒழுகினா அடைக்கணும். இதுக்கு பாய்லர் படிப்பு வேற வேணுமா?"

"அதுல கை வைக்காதீங்க மாப்பிள்ளை. வெடிச்சிடும்."

இந்த முதல் முறை நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அப்போது அவர் முகம் போன போக்கைக் கவனித்தேன். சிலரைத் தள்ளிவிட வேண்டும், சிலரை இழுக்க வேண்டும். இவரைத் தடுத்தாலே போதும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெர்மோஸ்டாட் வாங்கக் கடைக்குப் போகவில்லை.

இரண்டாம் முறை சாப்பாட்டு மேசையில், மகள் எதிரே. "வால்வை அடைச்சிடாதீங்க மாப்பிள்ளை, ஆபத்து. அதோட, அது உங்களால ஆகுற வேலையும் இல்ல."

"அப்பா சொல்றதக் கேளுங்களேன்" என்றாள் அவள். அதுவும் நல்லதாகப் போயிற்று. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை மாலை ஸ்டூலும் ஸ்பேனருமாக வந்து நின்றார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி மூன்றாம் முறை சொன்னேன்: "வேண்டாம் மாப்பிள்ளை. மரைகூடப் பிடிபடாது உங்களுக்கு."

பிடிபட்டது. இரும்பு மூடி ஒன்றைப் போட்டு வால்வின் வாயை இறுக்கினார். ஸ்டூல் ஆடியது. விழுந்து கையைக் காலை ஒடித்துக்கொண்டால் என்ன ஆவது என்று நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"சொட்டு வருதா பாருங்க மாமா."

"வரல மாப்பிள்ளை. கெட்டிக்காரர்தான் நீங்க."

பாவம், முகமெல்லாம் பல். நான் அவரைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குளியலறைக்கு வெளியே செய்தித்தாளோடு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரத்தில் தொட்டி முனக ஆரம்பித்தது. பாய்லர் பார்த்தவன் அந்தச் சத்தத்தைத் தூக்கத்திலும் அறிவான். சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரம். நான் செருப்பை மாட்டினேன்.

"அம்மாடி, கடை வரைக்கும் போயிட்டு வரலாம், வா."

"அடுப்புல பால் இருக்குப்பா."

"அணைச்சிட்டு வா."

மூன்றாவது தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது கேட்டது. அவள் ஓடினாள். என் வயதில் ஓட முடியாது; நான் நடந்து வந்தேன். சுவரும் அவரும் ஒன்றாகக் கிடந்தார்கள்.

மூன்று முறை எச்சரித்தேன் என்று எல்லாரும் எனக்காகச் சாட்சி சொன்னார்கள். காரியம் முடிந்த நாலாம் நாள் மகள்தான் கேட்டாள்.

"அவரை மூணு தடவ தடுத்தீங்க, சரி. அன்னைக்கு என்னை மட்டும் ஏன்பா கூட்டிட்டுப் போனீங்க?"

கேட்ட கையோடு அவள் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

ஆமாம் ஐயா. அடைப்பார் என்று தெரிந்துதான் தடுத்தேன். சாவார் என்று தெரிந்துதான் ஸ்டூலைப் பிடித்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். மகள்மேல் எனக்கு வருத்தமில்லை; துக்கம் அவளைப் பேச வைக்கிறது, ஆறிவிடும். வெளியே பெஞ்சில்தானே இருக்கிறாள்? தனியாக அனுப்பிவிடாதீர்கள். இனி என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?